கையெழுத்தின் இனம்

2022 ஆகஸ்ட்டில் மலேசியாவில் சில நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. மலாய் இஸ்லாமியக் கட்சியான பாஸின் தலைவர் அப்துல் ஹாடி அவாங் அப்போது அமைச்சர் தகுதியோடு பிரதமரின் சிறப்புத் தூதராக இருந்தார். நாட்டின் அரசியலையும் பொருளாதாரத்தையும் கெடுக்கும் ஊழலுக்கு வேராக இருப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதவர்கள், பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) அல்லாதவர்கள் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். அதே மாதம் 23ஆம் தேதி முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் 12 ஆண்டுச் சிறைத்தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அன்றே அவர் காஜாங் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். நஜிப் மலாய்க்காரர், முஸ்லிம், மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் முன்னாள் தலைவர், நாட்டின் இரண்டாம் பிரதமருடைய மகன். ஹாடிக்கு இதைவிடச் சூடான பதில் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பதில் வலுவற்றது. 'பெரும்பாலோர்' என்று சொன்னவரை ஓர் எதிர் உதாரணத்தால் மடக்க முடியாது. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பதில் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. எந்த இனத்தார் அதிகம் தின்றார்கள் என்ற கணக்குக்குள் நாமும் உட்கார்ந்துவிடுகிறோம். ஊழலுக்கு இனம் தேடுவதில் இருக்கும் அநியாயத்தைப் பலர் எழுதியாகிவிட்டது. அந்தத் தேடல் நடைமுறையில் யாருக்குப் பயன்படுகிறது, யார் தலையில் விடிகிறது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள். மலேசியாவின் நாற்பது ஆண்டு அனுபவம் காட்டுவது இது: இனப்பழி முதலில் காப்பாற்றுவது பழி சுமத்துகிற சமூகத்தின் மேல்தட்டை, முதலில் ஏமாற்றுவது அதே சமூகத்தின் சாதாரண மனிதரை.

பழிக்கு அங்கே நெடுநாளாகவே இரண்டு முகங்கள். கொடுப்பவன் சீனன், அவன் பணம்தான் நம் அதிகாரிகளைக் கெடுக்கிறது என்பது ஒரு பக்கத்துப் பேச்சு. வாங்குபவன் மலாய்க்காரன், சலுகையிலேயே வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும் என்பது மறு பக்கத்துப் பேச்சு. இரண்டுக்கும் பொதுவான பின்னணி 1969 மே 13 இனக்கலவரமும் அதன் பின் 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையும். 1990க்குள் நிறுவனப் பங்குகளில் 30 விழுக்காடு பூமிபுத்ராக்களிடம் இருக்க வேண்டும் என்பது இலக்கு. உரிமம், குத்தகை, கடன், பங்கு ஒதுக்கீடு எல்லாம் இனத்தின் வழியாக நடக்கத் தொடங்கின. உரிமம் மலாய்க்காரர் பெயரில், தொழில் சீனர் கையில் என்ற ஏற்பாட்டுக்கு 'அலி பாபா' என்றே பெயர் வந்துவிட்டது. அலியையும் பாபாவையும் தனித்தனியே திட்டலாம். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது எது என்று கேட்கத்தான் ஆள் குறைவு.

1எம்டிபி விவகாரத்தைப் பார்த்தால் அந்த மேசை எவ்வளவு நீளம் என்று தெரியும். 2009இல் தொடங்கப்பட்ட அந்த அரசு முதலீட்டு நிறுவனத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திசைதிருப்பப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்கிட்டது. திட்டத்தின் சூத்திரதாரி எனக் குற்றம் சாட்டப்பட்டுத் தலைமறைவாக இருக்கும் ஜோ லோ பினாங்குச் சீனர். முதல் பெரிய தொகை போன பெட்ரோசவுதியின் பின்னால் இருந்தவர் சவுதிப் பின்னணியுள்ள தொழிலதிபர். அடுத்த கட்டத்தில் அபுதாபி அரசு நிறுவனத்தின் அதிகாரிகள். 2012, 2013ஆம் ஆண்டுகளில் 650 கோடி டாலர் கடன்பத்திரங்களை விற்றுக்கொடுத்து ஏறத்தாழ 60 கோடி டாலர் கட்டணம் பெற்றது நியூயார்க்கின் கோல்ட்மேன் சாக்ஸ். அதன் தரப்பில் குற்றத்தை ஒப்புக்கொண்ட டிம் லைஸ்னர் ஜெர்மானியர். சுவிஸ், சிங்கப்பூர் வங்கிகளின் வழியே பணம் ஓடியது. இத்தனை நாட்டாரும் மதத்தாரும் சேர்ந்து செய்த காரியத்துக்கு ஓர் இனத்தின் முத்திரையைக் குத்த வேண்டுமென்றால் யாருடைய முத்திரை? ஆனால் இந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. 1எம்டிபியின் அமைப்பு விதிகளில் 117ஆம் பிரிவு, முக்கிய முடிவுகளுக்குப் பிரதமரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றது. நிதியமைச்சரும் அவரே. ஜோ லோவுக்கு நிறுவனத்தில் எந்தப் பதவியும் இல்லை. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. விசாரணை தொடங்க வேண்டிய இடம் அந்தக் கையெழுத்து.

2015இல் அந்த இடத்திலிருந்து கேள்வி எப்படி நகர்ந்தது என்பதை மாதவாரியாகவே பின்தொடரலாம். ஜூலை தொடக்கத்தில், நஜிப்பின் சொந்தக் கணக்குகளில் ஏறத்தாழ 70 கோடி டாலர் வந்து சேர்ந்ததை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. அது சவுதியிலிருந்து வந்த நன்கொடை என்று பின்னர் சொல்லப்பட்டது. ஜூலை 28ஆம் தேதி, விவகாரத்தை வெளிப்படையாக விமர்சித்த துணைப் பிரதமர் முகைதீன் யாசின் நீக்கப்பட்டார். அதே நாளில் சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேலும் போனார். முகைதீன் மலாய்க்காரர். ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் நஜிப் பதவி விலகக் கோரி, தேர்தல் சீர்திருத்த இயக்கமான பெர்சே கோலாலம்பூரில் பேரணி நடத்தியது. பாஸ் ஒதுங்கிக்கொண்டதால் கூட்டத்தில் சீனர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிகுந்திருந்தார்கள். அவ்வளவு போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 16ஆம் தேதி, மலாய்க்காரர் மானத்தைக் காக்க என்று சிவப்புச் சட்டைக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். சீனர் கடைகள் நிறைந்த பெட்டாலிங் தெரு அருகே காவல்துறை தண்ணீர் பீய்ச்ச வேண்டியதாயிற்று. தங்கள் தலைவர்கள் அவமதிக்கப்பட்டால் மலாய்க்காரர்களும் எழுந்து நிற்பார்கள் என்ற பொருளில் நஜிப் அந்த நாட்களில் பேசினார். இரண்டே மாதத்தில், பிரதமரின் வங்கிக் கணக்கைப் பற்றிய கேள்வி, சீனர் மலாய்க்காரரை அவமதிக்கலாமா என்ற கேள்வியாக மாறிவிட்டது. அடுத்த சில வாரங்களில், 1எம்டிபி பற்றிப் புகார் கொடுத்த முன்னாள் அம்னோ நிர்வாகி கைருதீன் அபு ஹசானும், அவருடைய வழக்கறிஞரான சீனரும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின்கீழ் கைதானார்கள். தெருவில் இனம் பார்த்த அரசியல், கைது செய்யும்போது பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர், நஜிப்மீது வழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்று அறிவித்தார்.

மானம் காக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மலாய்க்காரருக்கு இதில் கிடைத்தது என்ன? நஜிப் சிறைக்குப் போக முதல் காரணமான வழக்கு, 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி இன்டர்நேஷனலின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் பற்றியது. அந்த நிறுவனத்துக்கு 400 கோடி ரிங்கிட் கடன் கொடுத்தது அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. மலேசிய அரசு ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். 2015இல் 1எம்டிபியின் நிலத்துண்டு ஒன்றை 18 கோடியே 85 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கியது தாபோங் ஹாஜி: மக்கா யாத்திரைக்காகக் கிராமத்து முஸ்லிம்கள் சிறுகச் சிறுகப் போட்டுவைக்கும் சேமிப்பு அமைப்பு. எதிர்ப்பு கிளம்பிய பிறகே நிலத்தை விற்றுவிடுவதாகப் பேச்சு வந்தது. ஜோ லோ சீனர் என்பதை எத்தனை முறை சொன்னாலும் அந்த ஓய்வூதியதாரருக்கோ யாத்திரிகருக்கோ ஒரு சென்கூடத் திரும்பி வராது. 'நம்மவரை அந்நியன் ஏமாற்றிவிட்டான்' என்ற கதையால் மிச்சப்படுவது நம்மவருடைய பொறுப்பு மட்டும். 2024 அக்டோபரில் நஜிப் வெளியிட்ட மன்னிப்புக் கடிதம்கூட, தன் ஆட்சிக்காலத்தில் நடந்ததற்கு வருந்திவிட்டு, தான் வழிநடத்தியவனல்ல, தவறாக வழிநடத்தப்பட்டவன் என்ற நிலையிலேயே நின்றது.

இது 1எம்டிபியோடு பிறந்த கதையும் இல்லை. மலாய்க்காரரின் முன்னேற்றத்துக்கென்றே 1965இல் தொடங்கப்பட்ட பூமிபுத்ரா வங்கி, ஹாங்காங்கில் வைத்திருந்த தன் துணை நிறுவனத்தின் வழியாக, ஜார்ஜ் டான் என்ற சீனத் தொழிலதிபரின் காரியன் குழுமத்துக்குக் கடன் கொட்டியது. ஹாங்காங்கில் நிலவிலை விழுந்து 1983இல் காரியன் கவிழ்ந்தது. கணக்கைச் சரிபார்க்க அனுப்பப்பட்ட ஜலில் இப்ராகிம் என்ற வங்கி அதிகாரி அந்த ஜூலையில் கொல்லப்பட்டு ஒரு வாழைத்தோட்டத்தில் கிடந்தார். கடன் வாங்கியவர் சீனர். ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்தின் தலைவர் லொரேன் ஒஸ்மானும் இயக்குநர் ஹாஷிம் ஷம்சுதீனும் மலாய்க்காரர்கள், இருவரும் ஹாங்காங் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். கொலையான ஜலிலும், விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கி அரசுக்குச் சங்கடமான அறிக்கையைத் தந்த தணிக்கைத் தலைவர் அகமது நூருதீனும் மலாய்க்காரர்கள்தாம். ஏறத்தாழ 250 கோடி ரிங்கிட் ஓட்டையை அடைத்தது பெட்ரோனாஸ், அதாவது நாட்டின் எண்ணெய்ப் பணம். வங்கியின் பெயரிலிருந்த 'பூமிபுத்ரா' என்ற சொல் அந்தக் கடன்களை எந்தப் பூமிபுத்ராவின் கண்காணிப்பிலும் வைக்கவில்லை. கிராமத்து விவசாயி அந்த வங்கியின் பேரேட்டைப் பார்த்தது எப்போது?

தமிழ் வாசகர் இந்த இடத்தில் கொஞ்சம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தால், மைக்காவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மலேசிய இந்தியர்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்துவதற்கென்று 1980களின் தொடக்கத்தில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) உருவாக்கிய முதலீட்டு நிறுவனம் மைக்கா ஹோல்டிங்ஸ். ஏறத்தாழ 66,000 பேர் பணம் போட்டார்கள். சேர்ந்தது 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல். பெரும்பகுதி தோட்டப் பாட்டாளிகளின் பணம். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. 1990இல் டெலிகாம் மலேசியா தனியார்மயமானபோது இந்தியச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட 1 கோடிப் பங்குகளில் மைக்காவுக்கு வந்தது 10 லட்சம். மீதி 90 லட்சமும் மூன்று நிறுவனங்களுக்குப் போயின. அவ்வளவு பங்குகளை வாங்க மைக்காவிடம் பணமில்லை என்றும், வேறிடத்துக்குப் போனவையும் சமூகத்தின் கல்விப் பணிக்கே பயன்பட்டன என்றும் கட்சித் தலைமை சொன்னது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. யார்மீதும் வழக்கு வரவில்லை. சட்டப்படி அங்கே யாரும் குற்றவாளி இல்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பங்கு 'சமூகத்துக்கு' என்று கொடுக்கப்பட்டது. சமூகத்துக்குக் கையெழுத்துப் போடும் கை கிடையாது, ஆகவே கட்சித் தலைமை போட்டது. அமைச்சரவையில் நமக்கு இருப்பது ஒரே குரல், அதையும் நாமே பலவீனப்படுத்துவதா என்ற தயக்கம் கேள்விக்கு முன்னால் வந்து நின்றது. 2010இல் ஒரு தனியார் நிறுவனம் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தபோது, கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பின் தோட்டப்புறத்தார் பலர் போட்ட முதலைவிடக் குறைவாகப் பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். இதில் மலாய்க்காரரையும் சீனரையும் குறைசொல்ல வழியில்லை. ம.இ.கா.வின் அன்றைய தலைவர் துன் சம்பந்தன் 1960இல், தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள, பாட்டாளிகளிடம் பத்து பத்து ரிங்கிட்டாகச் சேர்த்துத் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் தோட்டங்களோடு இருக்கிறது. அதே சமூகம், அதே கட்சி மரபு; அமைப்பு மட்டும் வேறு. உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்கும் உரிமையுள்ள கூட்டுறவு அது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. கொள்கையே இன அடிப்படையில் இருக்கும்போது, இனத்தைப் பேசாமல் ஊழலைப் பேசுவது எப்படி? பேசத்தான் வேண்டும். ஆய்வாளர்கள் எட்மண்ட் டெரன்ஸ் கோமஸ், ஜோமோ இருவரும் 1997இல் எழுதிய நூல் இதைச் செய்தது: இன ஒதுக்கீடு எப்படிக் கட்சிச் சலுகையாக மாறியது, கட்சிச் சலுகை எப்படி ஒரு சிறு வட்டத்தின் சொத்தாக மாறியது என்று நிறுவனம் நிறுவனமாகக் காட்டியது. அந்த வட்டத்தில் சீன, இந்திய வம்சாவளித் தொழிலதிபர்களும் இருந்தார்கள் என்பது அதில் வெளிப்படும் செய்திகளில் ஒன்று. இனம் ஒரு விதியாக எங்கே நுழைகிறது, யாருக்கு வாசல் திறக்கிறது என்று ஆராய்வது வேறு. இன்ன இனத்தான் இயல்பிலேயே இப்படி என்பது வேறு. முன்னதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பின்னதைச் சொல்லிவிடுவது மலாய்க்காரர் அல்லாதவர்களிடையே மிகச் சாதாரணம். பூமிபுத்ரா கொள்கையே ஊழல் என்று ஒரே வீச்சில் முடிப்பவர்கள், 1970இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி வறுமையில் இருந்தன என்பதையும், இருபதாண்டில் அது வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கிள்ளான் துறைமுகத் தடையற்ற வணிக வளாகத்தின் செலவு முதல் மதிப்பீட்டைவிட இரு மடங்குக்கு மேல் ஏறியபோது, போக்குவரத்து அமைச்சு மலாய்க்காரர் கையில் இல்லை, மலேசிய சீனர் சங்கத்தின் (ம.சீ.ச.) கையில் இருந்தது. முன்னாள் அமைச்சர் லிங் லியோங் சிக்மீது வழக்கு வந்தது; 2013இல் அவர் விடுதலையானார். திட்டத்தின் கடன் மட்டும் விடுதலையாகாமல் அரசின் தலையில் நின்றது.

இரண்டாவது மறுப்பு கணக்கு பேசுகிறது. ஹாடியின் கூற்றிலும் மறைந்திருப்பது அந்தக் கணக்குதான். தனியார் வணிகத்தில் சீனர்கள் அதிகம். லஞ்சம் கொடுப்பது வணிகர். ஆகவே கொடுப்போரில் சீனர் அதிகம் இருந்தால் அது உண்மைதானே? எண்ணிக்கையாக உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த எண் சொல்வது யார் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை. அதே வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டால், அரசுப் பணியில் மலாய்க்காரர் அதிகம், ஆகவே வாங்குவோரில் அவர்கள் அதிகம் என்று வரும். முதல் கணக்கை ஏற்பவர் இரண்டாவதை இழிவு என்பார். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் ஒருசேரக் குற்றமாக்குகிறது. 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 17ஏ பிரிவு, ஊழியர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. சட்டம் இருக்கையைப் பார்க்கிறது. மேடைப் பேச்சு அங்கே உட்கார்ந்திருப்பவரின் பிறப்பைப் பார்க்கிறது. இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே தெளிவாகப் பார்த்தவர் சையத் உசேன் அலாத்தாஸ். ஊழலின் சமூகவியலைப் பற்றி 1968இல் நூல் எழுதிய அதே அறிஞர், மலாய்க்காரர் சோம்பேறி என்ற கற்பிதம் காலனிய ஆட்சிக்கு எப்படிப் பயன்பட்டது என்பதை 1977இல் இன்னொரு நூலில் பிரித்துக் காட்டினார். ஆசியர்களின் அன்பளிப்புப் பழக்கமே லஞ்சமாக வளர்ந்தது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை; அன்பளிப்பு எது, களவு எது என்பது எல்லாச் சமூகத்துச் சாதாரண மக்களுக்கும் நன்றாகவே தெரியும் என்பது அவர் நிலை. மலாய்க்காரரின் குறைகளை அவர்கள் இயல்பிலேயே தேடிய மகாதீரின் 1970ஆம் ஆண்டு நூலையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரே மனிதர் இந்த இரண்டு பொருளையும் எடுத்துக்கொண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இனத்துக்கு ஒரு குணம் உண்டு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், ஊழலைப் பற்றி ஆராய எதுவும் மிஞ்சாது.

எதிர்த்திசையில் ஒரு பட்டியல் போடும் ஆசையும் வரும். நஜிப்புக்கு முதல் தண்டனை கொடுத்த நீதிபதி முகமது நஸ்லான் மலாய்க்காரர்; மேல்முறையீட்டு அமர்வுக்குத் தலைமை வகித்த தெங்கு மைமுன் மலாய்ப் பெண்மணி; எஸ்ஆர்சி வழக்கை நடத்திய சிதம்பரமும் 1எம்டிபி வழக்கை எடுத்துக்கொண்ட கோபால் ஸ்ரீராமும் இந்திய வம்சாவளியினர். பட்டியல் இனிக்கிறது, குறிப்பாக நமக்கு. ஆனால் நேர்மைக்கு இனம் பார்ப்பது ஊழலுக்கு இனம் பார்ப்பதன் மறுபக்கம்; இன்னொரு நாள் இன்னொரு சிதம்பரம் குற்றவாளிக் கூண்டில் நின்றால் அதே பட்டியல் நம்மை விழுங்கும். இந்தப் பெயர்களைச் சேர்த்துப் பார்க்கையில் தெரியவேண்டியது வேறொன்று: 2015இல் அசையாத வழக்கு 2018 மே 9க்குப் பிறகு அசைந்தது. 1957 முதல் ஆண்ட கூட்டணி அன்று தோற்றது. மலாய் வாக்குகள் மூன்று அணிகளாகப் பிரிந்தன. அரசின் பிடி மாறியதும் அதே நாட்டின் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அதே ஆவணங்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

அப்படியானால் பல இனக் கூட்டணி ஆட்சிக்கு வந்தால் சரியாகிவிடுமா? 2023 செப்டம்பர் 4ஆம் தேதி, துணைப் பிரதமர் அகமது ஜாஹிட் ஹமிடிமீது அறக்கட்டளைப் பணம் தொடர்பாக இருந்த 47 குற்றச்சாட்டுகளில், மேலும் விசாரிக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டுக்கொண்டதன்பேரில், விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு கிடைத்தது. எதிர்வாதம் செய்யும்படி நீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவிட்டிருந்த வழக்கு அது. பிரதமர் அன்வார் இப்ராகிமின் கூட்டணியில் மலாய்க் கட்சிகளும், 1எம்டிபியைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்திய, சீனர் ஆதரவு மிகுந்த ஜனநாயகச் செயல் கட்சியும் இருந்தன. ஆனால் அந்தக் கட்சியின் பழைய வேகம் இந்த முறை காணப்படவில்லை. யாரும் இன மானத்தை இழுக்கவில்லை, இழுக்கவேண்டிய தேவையும் எழவில்லை. அரசமைப்பின் 145ஆம் பிரிவின்படி வழக்கைத் தொடரவும் நிறுத்தவும் அதிகாரம் சட்டத்துறைத் தலைவருக்கு. அவரே அரசின் சட்ட ஆலோசகர். அவரை நியமிக்கப் பரிந்துரைப்பவர் பிரதமர். 2015இல் கனி பட்டேல் நீக்கப்பட்டபோது இருந்த ஏற்பாடு 2023இலும் மாறாமல் இருந்தது. அந்த இரு பொறுப்புகளையும் தனித்தனி ஆளிடம் கொடுக்கும் சீர்திருத்தம் அப்போதும் பேச்சளவிலேயே நின்றது.